மஞ்சப்பையில் பெயர் எழுதிய மேசை: வீட்டு ஸ்கிரீன் பிரிண்டிங்கின் கதை

கல்யாண வீட்டில் சாப்பிட்டு, கை கழுவி, வாசலுக்கு வந்தால் ஒரு தாம்பூலப் பை கையில் வந்து சேரும். உள்ளே தேங்காய், வெற்றிலை, பாக்கு. வெளியே மஞ்சள் துணியில் சிவப்பிலோ பச்சையிலோ மணமக்கள் பெயர், தேதி, மண்டபத்தின் பெயர். தேங்காய் இரண்டு நாளில் சட்னியாகிவிடும். வெற்றிலை அதற்கு முன்பே வாடிவிடும். ஆனால் அந்தப் பை மட்டும் வருடக்கணக்கில் ரேஷன் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் போய் வரும். அந்த மணமக்களின் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில்கூட, யாரோ முன்பின் தெரியாத ஒருவர் அவர்கள் பெயரைத் தாங்கிய பையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருப்பார்!

சரி, அந்தப் பையில் பெயரை அச்சடித்தது யார்? பெரிய அச்சகத்து இயந்திரத்தில் துணிப்பையை நுழைக்க முடியாது. முன்னூறு பைக்காக எந்தப் பெரிய ஆலையும் தன் இயந்திரத்தை நிறுத்தி மாற்றாது. பெரும்பாலும் அது ஒரு சின்னக் கடையின் பின்கட்டிலோ, ஒரு வீட்டின் முன்னறையிலோ, ஒரு சாதாரண மேசைமேல் நடந்திருக்கும். ஒரு மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி, ஒரு ரப்பர் பட்டை, கொஞ்சம் மை. இவ்வளவுதான் அந்த அச்சகம். இதைத்தான் ஸ்கிரீன் பிரிண்டிங் என்கிறோம்.

இவ்வளவு எளிமையான ஒரு கருவி, ஆஃப்செட் வந்த பிறகும், கம்ப்யூட்டர் வந்த பிறகும், டிஜிட்டல் பிரிண்டர் வந்த பிறகும் எப்படி உயிரோடு இருக்கிறது? இதைவிட நவீனமான, அழகான ஒரு வீட்டு அச்சுக் கருவி ஜப்பானில் பிறந்து, ஒரு கோடிக்கும் மேல் விற்று, பிறகு செத்தும் போனது. நம் மரச்சட்டம் மட்டும் சாகவில்லை. ஏன்?

கோல அச்சும் "ண" எழுத்தும்

மார்கழி மாதம் கடைத்தெருவில் கோல அச்சு விற்பார்கள். ஓட்டை ஓட்டையாகப் போட்ட ஒரு தட்டு. அதைத் தரையில் வைத்து, மேலே கோலப் பொடியைத் தூவித் தேய்த்தால் ஓட்டை வழியாக மட்டும் பொடி கீழே இறங்கும். தட்டைத் தூக்கினால் கோலம் ரெடி. புள்ளி வைக்கத் தெரியாதவர்களும் வாசலில் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் :-)

ஸ்கிரீன் பிரிண்டிங்கின் அடிப்படை இதுவேதான். தேவையான இடத்தில் வழி விடு, தேவையில்லாத இடத்தை அடைத்துவிடு. லாரியின் பின்பக்கத்திலும் மூட்டைகளிலும் தகரத்தில் எழுத்தை வெட்டி மை பூசுவார்களே, அதுவும் இதே வழிதான்.

ஆனால் வெட்டிய தகரத்தில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. "ண" என்ற எழுத்தை ஒரு அட்டையில் வரைந்து வெட்டிப் பாருங்கள். சுழிக்குள்ளே இருக்கும் துண்டுகள் எதனோடும் ஒட்டாமல் தனியாக விழுந்துவிடும். அதனால்தான் தகர அச்சு எழுத்துகளில் அங்கங்கே சின்னச் சின்ன இடைவெளி இருக்கும். உள்துண்டு விழாமல் பிடித்துக்கொள்ள விட்டு வைக்கும் பாலம் அது.

ஜப்பானியத் துணிச் சாயக்காரர்கள் இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பனிச்சை வகைப் பழத்தின் துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்துக் கெட்டியாக்கிய காகிதத்தில் வடிவங்களை வெட்டினார்கள். அதற்குக் கட்டகாமி என்று பெயர். தனித்து நிற்கும் துண்டுகளை மெல்லிய பட்டு இழைகளால் பிடித்து வைத்தார்கள். இழை அவ்வளவு மெல்லியது என்பதால், சாயம் அதைச் சுற்றிப் பாய்ந்து அடியில் ஒன்று சேர்ந்துவிடும். இழை இருந்த தடமே தெரியாது.

அடுத்த படியை யோசித்துப் பாருங்கள். நாலு இழைக்குப் பதில் முழுவதும் இழையாகவே இருந்தால்? அதாவது ஒரு வலைத்துணியையே சட்டத்தில் கட்டி, அதன்மேல் வடிவத்தை ஒட்டிவிட்டால்? எந்தத் துண்டும் விழாது. எந்த எழுத்தும் உடையாது. 1907-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் பட்டுத்துணியைப் பயன்படுத்தும் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதனால்தான் இதற்குச் "சில்க் ஸ்கிரீன்" என்ற பெயர் வந்தது. இன்று யாரும் பட்டு கட்டுவதில்லை. நைலானும் பாலியெஸ்டரும்தான். பெயரில் மட்டும் பட்டு மிச்சமிருக்கிறது.

வெயில் செய்யும் வேலை

வலைத்துணி கிடைத்துவிட்டது. ஆனால் அதில் வடிவத்தை எப்படிக் கொண்டுவருவது? ஆரம்பத்தில் தூரிகையால் பசை பூசினார்கள். வெட்டிய காகிதத்தை ஒட்டினார்கள். நுணுக்கமான எழுத்துக்கு இது சரிப்படவில்லை.

இங்கேதான் ஒளி உள்ளே வருகிறது. 1839-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மங்கோ பாண்டன், பைகுரோமேட் என்ற உப்பு பூசிய காகிதம் வெயிலில் நிறம் மாறுவதைக் கவனித்தார். இந்த உப்பை ஜெலட்டின் போன்ற பசையில் கலந்தால், வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகிவிடும், படாத இடம் தண்ணீரில் கரைந்து போகும் என்பது பிறகு தெரியவந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஸ்கிரீனில் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

அதன்பிறகு உலகம் முழுக்க இது பரவியது. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்க அரசு வேலையில்லாத ஓவியர்களுக்கு வேலை கொடுத்த திட்டத்தில், நியூயார்க்கில் ஆண்டனி வெலோனிஸ் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பிரிவைத் தொடங்கினார். 1962-ல் ஆண்டி வார்ஹால் மர்லின் மன்றோவின் முகத்தை ஸ்கிரீனில் திரும்பத் திரும்ப அச்சடித்து, விளம்பரத் தொழில்நுட்பத்தையே ஓவியமாக்கினார். இரண்டு சம்பவத்திலும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டுமே பெரிய இயந்திரம் இல்லாமல், மனிதர்கள் கையால் இழுத்து அச்சடித்தவை.

முன்னறை அச்சகம்

தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் 1980களிலும் 90களிலும் ஸ்கிரீன் பிரிண்டிங் ஒரு சுயதொழிலாகப் பரவியது. விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, லெட்டர் பேடு, ஸ்டிக்கர், சாவிக்கொத்து, கடைப் பை என்று எதில் வேண்டுமானாலும் அடிக்கலாம். இதற்கென்று குறுகிய காலப் பயிற்சிகள் நடந்தன. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்களின் பாடப் பட்டியலிலும் இது இடம்பிடித்தது.

வேலை எப்படி நடக்கும்? முதலில் மரச்சட்டத்தில் வலைத்துணியை முரசுத் தோல்போல இறுக்கிக் கட்ட வேண்டும். துணி தொய்ந்தால் எழுத்து கலைந்துவிடும். பிறகு மங்கலான வெளிச்சமுள்ள அறையில் ஒளி பட்டால் கெட்டியாகும் பசையைப் பூசி, மின்விசிறிக் காற்றில் காய வைக்க வேண்டும். அச்சடிக்க வேண்டியதை டிரேசிங் பேப்பரில் கருப்பாக எடுத்து, பசை பூசிய துணியோடு ஒட்டி வைத்து, மேலே கண்ணாடி வைத்து அழுத்தி, வெயிலில் காட்ட வேண்டும். ஆமாம், மொட்டை மாடி வெயில்தான்! செலவில்லாத விளக்கு. ஆனால் சித்திரை வெயிலும் ஐப்பசி வெயிலும் ஒன்றல்ல. மேகம் ஒன்று குறுக்கே வந்தாலும் கணக்கு மாறிவிடும். எத்தனை நிமிடம் காட்டுவது என்பது பழக்கத்தில்தான் வரும். அதனால் வசதி வந்தவர்கள் டியூப் லைட் வைத்த பெட்டிக்கு மாறிவிட்டார்கள்.

வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகிவிடும். கருப்பு எழுத்துக்கு அடியில் இருந்த பசை மட்டும் பச்சையாகவே இருக்கும். தண்ணீரை மெல்லப் பீய்ச்சினால் அது கரைந்து, எழுத்து வடிவில் துணி திறந்துகொள்ளும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது மந்திரம்போல இருக்கும்.

பிறகு சட்டத்தைக் கீல் போட்டு மேசையில் பொருத்துவார்கள். அட்டை வைக்கும் இடம் நகராமல் இருக்க மூன்று சின்ன அட்டைத் துண்டுகளை மேசையில் ஒட்டுவார்கள், ஒரு பக்கம் இரண்டு, இன்னொரு பக்கம் ஒன்று. மையை ஊற்றி, ஸ்க்வீஜி என்ற ரப்பர் பட்டையால் ஒரே சீராக இழுத்தால் ஒரு பிரதி. சட்டத்தைத் தூக்கு, எடு, வை, இறக்கு, இழு. ஒருவர் இழுப்பார், இன்னொருவர் ஈர அட்டையை எடுத்துத் தரையில் பரப்புவார். வீடு முழுக்க யாருடைய பெயரோ காய்ந்துகொண்டிருக்கும். இழுக்கும் வேலைக்கு மின்சாரமே வேண்டாம் என்பதால், மின்வெட்டுக் காலத்திலும் இந்த அச்சகம் நிற்காது.

இரண்டு நிறம் வேண்டுமென்றால் இரண்டு ஸ்கிரீன், இரண்டு தடவை. முதல் நிறம் காய்ந்த பிறகு, இரண்டாவது நிறம் அதே இடத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கை வந்துவிடும்!

கணக்கு என்ன சொல்கிறது?

வணிகவியல் படிப்பவர்களுக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். நிலையான செலவு, மாறும் செலவு என்று காஸ்டிங் பாடத்தில் வரும் இல்லையா? ஸ்கிரீன் பிரிண்டிங் பிழைத்த ரகசியம் அதில்தான் இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள் (புரிவதற்காகப் போட்ட எண்கள்தான், சந்தை விலை அல்ல). ஆஃப்செட்டில் பிளேட் எடுத்து, மெஷினைத் தயார் செய்ய 2000 ரூபாய். அதன்பிறகு ஒரு அட்டைக்கு 1 ரூபாய். ஸ்கிரீனில் தயாரிப்புச் செலவு 300 ரூபாய். ஆனால் கை வேலை என்பதால் ஒரு அட்டைக்கு 3 ரூபாய்.

100 அட்டைக்கு ஆஃப்செட்டில் 2100 ரூபாய், ஸ்கிரீனில் 600 ரூபாய்.
850 அட்டைக்கு இரண்டிலும் 2850 ரூபாய்.
5000 அட்டைக்கு ஆஃப்செட்டில் 7000 ரூபாய், ஸ்கிரீனில் 15,300 ரூபாய்.

850 என்ற அந்தப் புள்ளிக்குக் கீழே இருப்பதெல்லாம் மரச்சட்டத்தின் ராஜ்ஜியம். மேலே இருப்பதெல்லாம் பெரிய இயந்திரத்தின் ராஜ்ஜியம். சிவகாசியின் பெரிய ஆஃப்செட் அச்சகங்கள் லட்சக்கணக்கில் காலண்டர் அடிக்கலாம். ஆனால் ஒரு ஊர்க் கோயில் திருவிழாவுக்கு இருநூறு பை, ஒரு கபடி அணிக்குப் பதினைந்து பனியன் என்று வந்தால், அது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பெரியவர்கள் சீண்டாத சின்ன எண்ணிக்கைதான் சின்னவர்களின் சோறு.

ஆனால் இந்த எல்லைக்கோடு நிலையானதல்ல. பெரிய இயந்திரத்தின் தயாரிப்புச் செலவு குறையக் குறைய, கோடு கீழே இறங்கும். டிஜிட்டல் பிரிண்டரில் தயாரிப்புச் செலவு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரே ஒரு விசிட்டிங் கார்டுகூட அடிக்கலாம். அது வந்தபோது விசிட்டிங் கார்டும் லெட்டர் பேடும் மரச்சட்டத்தின் கையை விட்டுப் போயின. பிறகு வாட்ஸ்அப் அழைப்பிதழ் வந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது கல்யாணத்துக்கே 50 பேர்தான் என்றானபோது, பத்திரிகை அடிப்பவர்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

இதே நெருக்கடி ஜப்பானில் இன்னும் முன்னதாகவே வந்தது. அங்கே வந்த முடிவு வேறு.

விளையாட்டு அச்சகம்

1946-ல், போரில் நொறுங்கிப் போயிருந்த டோக்கியோவில், நோபோரு ஹயாமா என்பவர் ஒரு சின்ன அச்சுக்கடை தொடங்கினார். அதுதான் பின்னாளில் ரிசோ நிறுவனம் ஆனது. 1977-ல் அந்த நிறுவனம் "பிரிண்ட் கொக்கோ" என்ற ஒரு வீட்டுக் கருவியை வெளியிட்டது. கொக்கோ என்றால் ஜப்பானிய மொழியில் குழந்தைகள் "அப்பா அம்மா விளையாட்டு" என்று விளையாடுவார்களே, அந்த மாதிரிப் பாவனை விளையாட்டு. அச்சு விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

கருவி பார்ப்பதற்கு பிளாஸ்டிக் டிபன் பெட்டிபோல இருக்கும். கார்பன் உள்ள பேனாவால் வரைந்த படத்தை அடியில் வைத்து, மேலே ஒரு முறை மட்டுமே எரியும் இரண்டு ஃபிளாஷ் பல்புகளைப் பொருத்தி, மூடியை அழுத்தினால் பளிச்சென்று ஒரு மின்னல். கார்பன் அந்த வெளிச்சத்தை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டில் ஸ்கிரீனில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம் உருகி ஓட்டையாகும். அவ்வளவுதான், ஸ்கிரீன் தயார்! பசை இல்லை, வெயில் இல்லை, இருட்டறை இல்லை, கழுவும் வேலையும் இல்லை. பிறகு மையைப் பிதுக்கிவிட்டு மூடியை அழுத்த அழுத்தப் பிரதிகள் வரும். ஒரே ஸ்கிரீனில் பல நிற மையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அழுத்தலில் அடிக்கவும் முடியும்.

ஜப்பானில் புத்தாண்டுக்கு எல்லோருக்கும் வாழ்த்து அட்டை அனுப்புவது பெரிய வழக்கம். ஒரு குடும்பம் நூறு அட்டை அனுப்புவது சாதாரணம். நூறு! எல்லாவற்றையும் கையால் வரைய முடியாத, ஆனால் அச்சகத்துக்குக் கொடுக்க மனமில்லாத எண்ணிக்கை. மேலே பார்த்த அதே கணக்குதான். டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு சாப்பாட்டு மேசையில் கொக்கோ வந்து உட்கார்ந்துவிடும். மொத்தத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன.

பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்தன. விற்பனை சரிந்தது. 2008-ல் கருவியின் விற்பனையை நிறுத்தினார்கள். வெளிநாட்டில் இதை வைத்துத் தொழில் செய்துகொண்டிருந்த கைவினைக்காரர்கள் கொக்கோவைக் காப்பாற்றுங்கள் என்று பிரச்சாரமே நடத்தினார்கள். பலன் இல்லை. 2012-ல் பல்பு, ஸ்கிரீன், மை எல்லாவற்றின் விற்பனையும் முடிந்துபோனது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கருவி உடையவில்லை. லட்சக்கணக்கான வீடுகளில் புதுசுபோல இருந்தது. ஆனால் அந்தப் பல்பையும் அந்த ஸ்கிரீனையும் செய்தது ஒரே ஒரு நிறுவனம். அது நிறுத்தியதும், நல்ல கருவி பரணுக்குப் போய்விட்டது.

நம் மரச்சட்டத்தை யாராவது "நிறுத்த" முடியுமா? சட்டம் தச்சர் செய்வார். துணி ஒரு கடையில் இல்லாவிட்டால் இன்னொரு கடையில். பசைக்குப் பல கம்பெனி. கீல், கண்ணாடி, ரப்பர் எல்லாம் ஹார்டுவேர் கடையில். விளக்கு வானத்தில்! கொக்கோ வேலையைச் சுலபமாக்கியது, ஆனால் அதற்குப் பதிலாக வேலை செய்பவரை ஒரு கம்பெனியோடு கட்டிப்போட்டது. மரச்சட்டம் கையை வருத்தியது, ஆனால் யாருக்கும் அடிமையாக்கவில்லை.

மாமல்லபுரம் போகும் சாலையில்

பிழைத்துக் கிடந்தால் மட்டும் போதுமா? மலிவான சின்ன வேலைக்கு மேல் மரச்சட்டத்தால் எதுவும் முடியாதா? இதற்குப் பதில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் கிடைக்கிறது.

அந்தச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது சோழமண்டல ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில், 1966-ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு மணல் காட்டில் கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய ஊர் அது. ஓவியம் விற்றுப் பிழைப்பது அன்றைக்கு நடக்காத காரியம். நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு பாத்திக் துணியிலிருந்து. மெழுகால் சில இடங்களை மறைத்து, மீதி இடத்தில் சாயம் ஏற்றும் வேலைதான் பாத்திக். "தேவையில்லாத இடத்தை அடைத்துவிடு" என்ற ஸ்கிரீனின் அதே தத்துவம், வேறு உருவத்தில். பகலில் கொஞ்ச நேரம் விற்கும் கைவினை, மீதி நேரம் தனக்கான கலை. இப்படித்தான் அந்தக் கிராமம் நின்றது. சாலையின் மறுமுனையில் மாமல்லபுரத்துச் சிற்பிகளின் கணக்கும் இதுதான். சுற்றுலாப் பயணிக்கு உள்ளங்கை அளவுப் பிள்ளையார், கோயிலுக்கு ஆளுயரச் சிலை. சின்னது பெரியதைத் தாங்கும்.

அதே சாலை தொடங்கும் திருவான்மியூரில் இருக்கிறது தாரா புக்ஸ். கீதா உல்ஃப் 1994-ல் தொடங்கிய பதிப்பகம். 1990களின் நடுவில் "தி வெரி ஹங்ரி லயன்" என்ற குழந்தைகள் புத்தகத்தின் மாதிரியை, கையால் செய்த காகிதத்தில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து, ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்கு எடுத்துப் போனார்கள். படங்கள் இந்திரபிரமித் ராய். கனடாவின் ஒரு பதிப்பகம் பார்த்தது, பிடித்துப்போனது, 8000 பிரதி வேண்டும் என்றது!

8000 பிரதி என்றால் என்ன? பக்கத்துக்கு ஒரே ஒரு நிறம், இருபது பக்கம் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 1,60,000 தடவை ஸ்க்வீஜியை இழுக்க வேண்டும். நிறம் கூடக் கூட அது பெருகும். நம் காஸ்டிங் கணக்குப்படி இது பைத்தியக்காரத்தனம். 850-க்கு மேல் போனால் ஸ்கிரீன் தோற்கும் என்று பார்த்தோமே?

ஆனாலும் செய்தார்கள். அந்த வேலையிலிருந்துதான் ஆறுமுகம் தலைமையிலான ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் என்ற பட்டறை வளர்ந்தது. 2006-ல் வந்த "தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்" இந்தக் கூட்டணியின் மிகப் பெரிய வெற்றி. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி வரைந்த மரங்கள், கருப்புக் காகிதத்தில், கையால் அச்சடித்து, கையால் தைத்த புத்தகம். ஒவ்வொரு பிரதிக்கும் கையால் எண் போட்டிருப்பார்கள். 2008-ல் இத்தாலியின் பொலோஞ்ஞா குழந்தைகள் புத்தகச் சந்தையில் இதற்கு விருது கிடைத்தது. 2013-ல் அதே சந்தையில், ஆசியாவின் சிறந்த குழந்தைகள் பதிப்பகம் என்ற விருது தாரா புக்ஸுக்கே கிடைத்தது.

கணக்கு எங்கே பொய்த்தது? கணக்கு பொய்க்கவில்லை. வாங்குபவர் விலை கொடுத்தது வேறொரு பொருளுக்கு. ஆஃப்செட்டில் மை காகிதத்தின்மேல் மெல்லிய படலமாகத்தான் விழும். ஸ்கிரீனில் மை பல மடங்கு தடிமனாக உட்காரும். கருப்புக் காகிதத்தில் வெளிர் நிறம் பளிச்சென்று நிற்பது அதனால்தான். விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும், முகர்ந்தால் மை வாசனை வரும். மஞ்சப்பையில் மலிவுக்காகத் தேர்ந்தெடுத்த அதே முறையை, இங்கே மலிவு இல்லை என்று தெரிந்தே அழகுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று

இவ்வளவு புகழ்ந்த பிறகு இதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய முறைப் பசையில் கலக்கும் ஆரஞ்சு நிறப் பைகுரோமேட் ஒரு விஷம். அதிலுள்ள குரோமியம், காலணி ஆலைகள் இருக்கும் ஊர்களில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது என்று பேசுவார்களே, அதே குடும்பத்தைச் சேர்ந்தது. தோலில் பட்டால் புண்ணாகும், தூளாக மூச்சில் போனால் புற்றுநோய் அபாயம் உண்டு. மை கழுவும் மண்ணெண்ணெயும் தின்னரும் மூச்சுக்கு நல்லதல்ல.

வீடே தொழிற்கூடம் என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் தொழிற்சாலையில் இருக்க வேண்டிய கையுறையும் காற்றோட்டமும் ஆய்வாளரும் வீட்டில் கிடையாது. அதே தொட்டியில் பாத்திரமும் கழுவுவார்கள், ஸ்கிரீனும் கழுவுவார்கள். குழந்தை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும். குறைந்த நிலையான செலவு என்று மேலே ஒரு பெருமை பேசினோமே, அதில் ஒரு பகுதி இந்தச் சேர்க்கப்படாத செலவுதான். பைகுரோமேட் இல்லாத டையசோ, ஃபோட்டோ பாலிமர் பசைகள் இப்போது கிடைக்கின்றன. தண்ணீரில் கழுவும் மைகளும் உண்டு. விலை கொஞ்சம் கூட. கூடுதல் காசை வாடிக்கையாளரிடம் கேட்க முடியாத சின்ன அச்சக்காரரிடம் பழைய பொடியை விடு என்று சொல்வது எளிது, செய்வது கடினம்.

மீண்டும் பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தை அரசு தொடங்கியது. 2022-ல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வந்தது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பட்டணத்துக்கு வந்தால் பட்டிக்காட்டான் என்று சினிமாவில் சிரித்தார்கள். இப்போது அதே பைக்கு விளம்பரம்!

விசிட்டிங் கார்டு போனது, லெட்டர் பேடு போனது, கல்யாணப் பத்திரிகையில் பாதி போனது. ஆனால் துணிமேல், மரத்தின்மேல், தட்டின்மேல், பனியன்மேல், அதுவும் நூறு இருநூறு என்ற எண்ணிக்கையில் பெயர் வேண்டுமென்றால், இன்றும் பலர் முதலில் தேடுவது அந்த மேசையைத்தான். கருவி பழையதா புதியதா என்பது அதன் ஆயுளைத் தீர்மானிக்கவில்லை. அதைப் பழுது பார்க்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, பெரியவர்கள் விட்டு வைத்த சின்ன எண்ணிக்கை எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டும்தான் தீர்மானித்தன.

உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சப்பை கட்டாயம் தொங்கும். எடுத்து, அதிலுள்ள எழுத்தின் ஓரத்தை ஒரு பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். நேர்க்கோடாக இருக்காது. குட்டிக் குட்டிப் படிக்கட்டுகளாக இருக்கலாம். ஸ்கிரீன் துணியின் இழைகள் விட்டுப்போன தடம் அது. மை கொஞ்சம் ஓரமாக வழிந்திருந்தால், அன்றைக்கு முன்னூறாவது பையை இழுத்தபோது யாருக்கோ கை வலித்திருக்கிறது என்று அர்த்தம்.